ஊர்காண் காதை: அன்றும் இன்றும்

இளங்கோவடிகள் தம் காப்பியத்தின் மதுரைக் காண்டத்தில் ஒரு பகுதிக்கு ‘ஊர்காண் காதை’ என்று பெயரிட்டார். ஊர் காண்பதற்கென்றே ஒரு காதை! சோழ நாட்டுப் புகாரிலிருந்து புறப்பட்டுக் காடும் மேடும் கடந்து, பாண்டியர் தலைநகரின் புறத்தே வந்து நிற்கிறான் ஓர் இளைஞன். மனைவியைக் கவுந்தியடிகளின் பாதுகாப்பில் விட்டுவிட்டு, நகரைக் காணத் தனியே நடக்கிறான். காவற்காடு கடக்கிறான், அகழி கடக்கிறான், வாளேந்திய யவனர் காத்து நின்ற கோட்டை வாயிலில், அவர்க்கு ஐயம் எழா வண்ணம் நுழைகிறான். அதன் பிறகு தெருத் தெருவாக அவனோடு நம்மையும் அழைத்துச் செல்கிறார் அடிகள். கடைவீதி, மணி வீதி, பொன் வீதி, துணி வீதி, கூல வீதி என்று நீள்கிறது அந்த நடை. கண்டான் கோவலன், களித்தான். திரும்பி வந்து, தீதே இல்லாத நகர் மதுரை என்று கவுந்தியடிகளிடம் சொல்லவும் சொன்னான்.

எந்த நகரைத் தீதற்றது என்று அவன் புகழ்ந்தானோ அந்த நகரிலேயே, அவன் செய்யாத களவுக்காக அவனை வெட்டி வீழ்த்தினர்.

இந்த இடத்தில் அடிகளின் புலமையைச் சற்றே நின்று நோக்க வேண்டும். மணி வீதியைப் பாடும்போது ஒவ்வொரு மணிக்கும் உரிய குற்றங்களை எண்ணிச் சொல்கிறார் அவர். வயிரத்தில் காணும் பழுது இன்னது, மரகதத்தின் மாசு இன்னது, முத்தின் குறை இன்னது என்று அறிந்த வணிகர் வாழும் வீதி அது என்கிறார். வெறும் அணிக்காக எழுதிய அடுக்கா இது? நாம் அப்படிக் கருதவில்லை. கல்லின் குற்றத்தைக் கண்டுபிடிக்கும் கண்கள் நிறைந்த நகரம், கொல்லனின் குற்றத்தைக் கண்டுபிடிக்கவில்லை. கோவலன் குற்றமற்றவன் என்பதையும் கண்டுபிடிக்கவில்லை. வணிகர் குலத்துப் பிறந்த கோவலனும் வீதிகளின் பொலிவைக் கண்டானேயொழிய அரண்மனையின் இருளைக் கண்டானில்லை. கோட்டை மதிலின் கொடிகள் “வாராதே” என்று கைகாட்டி மறித்ததுபோல் அசைந்தன என்று முந்திய காதையிலேயே புலவர் சொல்லிவிட்டார். படிக்கும் நமக்குத் தெரிகிறது. நடக்கும் அவனுக்குத் தெரியவில்லை. ஊரைக் காண்பது வேறு, ஊரை அறிவது வேறு என்பதைத் தமிழில் இவ்வளவு கூர்மையாகச் சொன்ன பகுதி வேறொன்று நமக்குத் தோன்றவில்லை.

இன்று இதை எடுத்துப் பேசுவானேன் என்று கேட்கும் வாசகர் இருக்கலாம். காரணம் உண்டு. கோவலனைப்போல் அயலிலிருந்து வந்து மதுரையைக் காணும் இளைஞர் கூட்டம் நம் காலத்தில் பெருகியிருக்கிறது. அமெரிக்காவின் விசுகான்சின் பல்கலைக்கழகத்து மாணவர் பல்லாண்டுக் காலம் மதுரைக்கு வந்து தங்கித் தமிழ் பயின்றனர். கோவலன் ஒரு பகலில் கண்டதை அவர்கள் மாதக்கணக்கில் கண்டனர். தெருவில் பேசும் தமிழைத் தெருவிலேயே கற்றனர். 2023-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு ‘வேர்களைத் தேடி’ என்னும் திட்டத்தை அறிவித்தது. அயல்நாடுகளில் பல தலைமுறையாக வாழும் தமிழர் வீட்டுப் பிள்ளைகளை, 18 முதல் 30 வயது வரையுள்ளவர்களை, தாயகத்துக்கு அழைத்து வந்து இதன் வரலாற்றைக் கண்ணாரக் காணச் செய்வது அதன் நோக்கம். பாட்டன் பூட்டன் வாயிலாகக் கேட்ட மண்ணைத் தம் காலால் மிதிக்க வந்தவர்கள் அவர்கள். நம் ஊர்ப் பள்ளிகளிலிருந்து பேருந்து நிறைய வரும் சிறுவர் சிறுமியரை இக்கணக்கில் சேர்த்தால், மதுரை காணும் மாணவர் தொகைக்கு எல்லையே இல்லை.

வரட்டும், ஆயிரமாயிரமாய் வரட்டும்! அந்த வரவை வாழ்த்துவதில் நாம் எவர்க்கும் பின்னிட்டவரல்லோம். எந்தத் திட்டத்தின் நாள்நிரலையும் குறைகூற நாம் இங்கே புகவுமில்லை. நம் வினா ஒன்றே ஒன்று: வந்தவர்க்கு மதுரையின் கதை என்று நாம் எதைச் சொல்கிறோம்?

கோபுர வாயிலில் சற்று நேரம் நின்று கேட்டால் விடை கிடைத்துவிடும். இந்த மண்டபத்தில் கல்யானை கரும்பு தின்றது. அந்தக் குளத்தில் சங்கப் பலகை மிதந்தது. அதோ தெரியும் மலை ஒரு காலத்தில் உயிருள்ள யானை. இதோ இந்த மலை ஒரு பாம்பு. வழிகாட்டியின் வாயிலிருந்து மடைதிறந்த வெள்ளமாய் வருகிறது கதை. ஆங்கிலத்திலும் வருகிறது, பிரெஞ்சிலும் வருகிறது. கேட்கும் பிள்ளை வியப்போடு தலையசைத்துப் படம் பிடித்துக்கொண்டு போகிறது. அறுபத்து நான்கு திருவிளையாடல்களில் ஏழெட்டைக் கேட்டு முடித்ததும் மதுரையின் வரலாற்றைக் கேட்டாயிற்று!

பரஞ்சோதியாரின் தமிழ் இனிமையை மறுப்பார் யார்? ஓசை நயமும் உவமை வளமும் அவர் நூலில் பொங்கி வழிகின்றன. பிட்டு விற்றுப் பிழைக்கும் வந்தியின் கதையில் புராணத்துக்குள்ளேயே ஓர் உண்மை தலைகாட்டுகிறது. வைகை உடைப்பெடுத்தால் கரையடைக்க வீட்டுக்கு ஓர் ஆள் வரவேண்டும் என்பது அரசாணை. ஆளற்ற கிழவிக்கும் விலக்கில்லை. உதிர்ந்த பிட்டைக் கூலியாகக் கொடுத்து ஓர் ஆளை அமர்த்த வேண்டிய நிலை அவளுக்கு. வெட்டிவேலை என்னும் கொடுமை எப்படி ஏழையின் அடுப்பங்கரை வரை எட்டியது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டுமா? கூலியாளின் முதுகில் விழுந்த அடி அரசன் முதுகிலும் பட்டது என்று புராணம் முடிக்கிறது. முடிவு கற்பனை, தொடக்கம் வரலாறு. வழிகாட்டி சொல்வதோ முடிவை மட்டும்!

ஆனால், அந்நூல் முழுவதும் வந்தி கதையாக இல்லை. மதுரையைச் சூழ்ந்து நிற்கும் மலைகளைப் பற்றி அது சொல்வதைப் பாருங்கள். யானைமலை, சமணர் வேள்வி செய்து ஏவிய யானையாம். இறைவன் அம்பெய்து வீழ்த்தினானாம். நாகமலை, அவர்கள் ஏவிய பாம்பாம். பசுமலை, அவர்கள் விடுத்த மாயப் பசுவாம். மூன்று மலைகளும் மூன்று சூழ்ச்சிகளின் பிணங்கள்! நூலின் 63-ஆவது படலமோ சமணரைக் கழுவேற்றியதையே ஒரு திருவிளையாடலாகக் கொண்டாடுகிறது. கழுமரத்தில் மனிதரைக் குத்தி நிறுத்துவதற்கு விளையாட்டு என்று பெயர்! அது நிகழ்ந்ததா, பிற்காலத்தார் புனைந்ததா என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்தில்லை. நிகழ்ந்ததென்றால் நாணத்தக்கது, புனைந்ததென்றால், புனையத் துணிந்த நெஞ்சம் நாணத்தக்கது. இதைப் பத்தொன்பது வயதுப் பெண்ணிடம் பக்திக் கதையாகச் சொல்லிவிட்டுச் சிற்றுண்டிக்கு அழைத்துச் செல்வது எந்த அறத்தில் சேர்த்தி?

அந்த மலைகளின்மேல் ஏறிப் பார்த்தால் வேறொரு கதை கல்லிலேயே எழுதப்பட்டிருக்கிறது. யானைமலையில் தமிழ்ப் பிராமி எழுத்து இருக்கிறது. துறவிகள் படுத்த கற்படுக்கை இருக்கிறது. சமண முனிவர் திருவுருவங்கள் பாறையில் அமைதியாக வீற்றிருக்கின்றன. நாகமலைப் பக்கம் கீழக்குயில்குடியில் சமணர் மலை என்றே ஒரு மலைக்குப் பெயர். தாமரைக் குளத்தின் ஓரமாக நடந்து, ஊரார் செட்டிப்புடவு என்றழைக்கும் குகைக்குப் போகலாம். படியேறிப் பேச்சிப்பள்ளத்துக்குப் போகலாம். உருவங்களின் கீழே, அவற்றைச் செய்வித்தவர் பெயர்கள் வட்டெழுத்தில் வெட்டப்பட்டுள்ளன. சூழ்ச்சிக்காரர் விட்டுச் சென்ற பாம்பா இது? படிப்பும் பள்ளியும் நடத்தியவர் விட்டுச் சென்ற பட்டயமல்லவா?

எல்லாவற்றினும் மேலானது மாங்குளம். மதுரைக்கு வடகிழக்கே, மேலூர்ப் பக்கத்துச் சிற்றூர். அங்குள்ள குன்றின் குகைகளில் இருக்கும் எழுத்துகளை 1882-இல் இராபர்ட் சீவெல் கண்டறிந்தார். அவற்றுள் பாண்டியன் நெடுஞ்செழியன் பெயர் இருப்பதை 1960-களில் ஐராவதம் மகாதேவன் தெளிவுறப் படித்துக் காட்டினார். எழுத்தின் காலம் கி.மு. இரண்டாம் நூற்றாண்டு என்பது அவர் முடிவு. அந்நெடுஞ்செழியனின் பணியாளனாகிய கடலன் வழுதி, கணி நந்தாசிரியன் என்னும் துறவிக்குப் பள்ளி அமைத்துக் கொடுத்ததை ஒரு கல்வெட்டு சொல்கிறது. வெள்ளறை நிகமத்தார், அஃதாவது வணிகர் குழுவினர், கொடுத்த கொடையை இன்னொன்று சொல்கிறது. ஆகவே பாண்டியன் ஆட்சியாளரும் வணிகரும் சமணத் துறவிக்கு இருப்பிடம் அமைத்துத் தந்த நகரம் மதுரை. கல் சொல்லும் சான்று இது. கழுமரம் சொல்வது எதிர்மாறு. எதைப் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோம் என்பது வெறும் சுற்றுலா வினாவா?

இலக்கியமும் கல்லின் பக்கமே நிற்கிறது. பத்துப்பாட்டுள் மிக நீண்டது மதுரைக்காஞ்சி, 782 அடிகள். மாங்குடி மருதனார், தலையாலங்கானத்துச் செருவென்ற நெடுஞ்செழியனை நோக்கிப் பாடியது. (இவன் மாங்குளத்து நெடுஞ்செழியன் அல்லன்; பெயர் ஒன்று, காலம் வேறு.) அரசனைப் பாட வந்த புலவர் அரண்மனையிலேயே அடைந்து கிடந்தாரா? இல்லை. அவனுடைய போர்களைச் சொல்லி, நாட்டின் ஐவகை நிலங்களைச் சொல்லி, நகருக்குள் நுழைந்தவுடன் கடைத்தெருவுக்கு இறங்கிவிடுகிறார். பூ விற்பவர், வெற்றிலை விற்பவர், சுட்ட சங்கின் சுண்ணாம்பு விற்பவர் நிற்கும் பகற்கடை நாளங்காடி. அவரைத் தாண்டிப் போனால், குழந்தையைத் தழுவிய இளந்தாயர் பூவும் புகையும் ஏந்திப் போகும் பௌத்தப் பள்ளி, அந்தணர் பள்ளி, குளிர்ந்த சோலையும் செம்பினாற் செய்தாற்போன்ற சுவரும் உடைய சமணப் பள்ளி. மூன்றையும் ஒரே மூச்சில், ஒன்றின்மேல் ஒன்றை ஏற்றாமல் பாடுகிறார். அடுத்து, நடுவுநிலை பிறழாத அறங்கூறவையம். சமயங்கள் அருகருகே இருக்க, அவற்றுக்கு அடுத்து நீதிமன்றம்! இந்த வரிசையமைப்பில் ஒரு நகரத்தைப் பற்றிய கொள்கையே அடங்கியிருக்கிறது என்போம் நாம்.

அதன்பின் தொழிலாளர் கூட்டம். சங்கறுத்து வளையல் கடைபவர், மணிகளில் துளையிடுபவர், பொன்னை உரைத்து மாற்றுக் காண்பவர், துணி விற்பவர், செம்பை நிறுத்து வாங்குபவர், கண்டதைக் கண்டவாறே தீட்டும் ஓவியர் எல்லாரும் நாலாபுறமும் நெருங்கி நிற்கின்றனர். ஒரு புலவன் அரசன் எதிரில் நின்று, “நின் நகரத்துப் பெருமை இவர்கள்” என்று கைவினைஞரைச் சுட்டிக் காட்டுகிறான்! பொழுது சாய்கிறது, அல்லங்காடி தொடங்குகிறது. முதல் யாமம் கழிகிறது, கடைகள் அடைக்கப்படுகின்றன, பணியாரம் விற்றவர் உட்கார்ந்தபடியே உறங்குகின்றனர். மூன்றாம் யாமத்தில் நூலேணியோடு கள்வர் திரிய, அவரைத் தேடி ஊர்க்காவலர் திரிகின்றனர். விடிகிறது, கதவுகள் கிறீச்சிட்டுத் திறக்கின்றன, நேற்றைய பூக்களை முற்றத்திலிருந்து பெருக்கித் தள்ளுகின்றனர் பெண்கள். இருபத்து நான்கு மணி நேரம் ஒரு நகரம் மூச்சுவிடுவதை அப்படியே பிடித்து வைத்த பாட்டு! இத்தனையும் எதற்காக? உலகில் எதுவும் நிலையாது என்று மன்னனுக்கு உணர்த்தும் காஞ்சித்திணைப் பாட்டு இது. புகழ்ந்துகொண்டே இடித்துரைக்கும் துணிவு அன்றைய புலவனுக்கு இருந்தது.

வழிகாட்டி ஒருவர் இப்பாட்டைக் கையில் வைத்துக்கொண்டு அயலகத்துப் பிள்ளைகளைக் கீழமாசி வீதிக்கும் விளக்குத்தூணுக்கும் அழைத்துச் சென்றால் போதும். ஈராயிரம் ஆண்டு அங்காடி உயிரோடு எதிரில் நிற்கும். அந்த விளக்குத்தூணே ஒரு பாடம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மதுரை ஆட்சியராக இருந்த பிளாக்பர்ன் நினைவாக நிற்பது அது. நகரைச் சுற்றியிருந்த கோட்டை மதிலை இடித்து அகழியைத் தூர்த்தவர் அவர். கோவலன் கடந்த அகழியன்று அது. நாயக்கர் காலத்துக் கோட்டை. இடிக்கும் வேலையை மேற்பார்த்தவர்களின் பெயரால் மாரட் வீதியும் பெருமாள் மேஸ்திரி வீதியும் எழுந்தன. சித்திரை, ஆடி, ஆவணி மூலம், மாசி என்று திங்கட்பெயரும் திருவிழாப்பெயருமாக விரியும் சதுரங்களின் வெளியே, திடீரென ஒரு வெள்ளைக்காரர் பெயரும் ஒரு மேஸ்திரி பெயரும்! மீனாட்சி கோயிலிலிருந்து வெளிவீதி வரை நடந்தால் கால்மணி நேரம். அந்தக் கால்மணியில் பல நூற்றாண்டுகளைக் கடந்துவிடலாம். சுவர்ப் பலகையைப் படித்துச் சொல்ல ஆள்தான் வேண்டும்.

கோயிலையும் காட்ட வேண்டாம் என்றா சொல்கிறோம்? காட்டுங்கள், தெற்குக் கோபுரத்தின் உயரத்தைக் காட்டுங்கள், சிற்பியின் உளி செய்த விந்தையைக் காட்டுங்கள். அதோடு, 1939-ஆம் ஆண்டு சூலை 8-ஆம் நாள் வரை அந்த வாயிலுக்குள் யார் நுழைய முடியாதிருந்தனர் என்பதையும் சொல்லுங்கள். அன்றுதான் வைத்தியநாத ஐயர் தலைமையில், கக்கன் உள்ளிட்ட ஒடுக்கப்பட்ட மக்கள் தோழர்கள் மீனாட்சி கோயிலுக்குள் சென்றனர். பின்னாளில் அமைச்சராகி எளிமைக்கு இலக்கணமான அதே கக்கன்! மலேயாவுக்கும் மொரீசுக்கும் போனவரில் பெரும்பகுதியினர், அந்த நாளுக்கு முன்பே போய்விட்டவர்கள். அவர்களில் பலர் தம் ஊரை அடுத்த அந்தப் பெருங்கோயிலின் உட்புறத்தை வாழ்நாளில் ஒருமுறைகூடக் கண்டதில்லை. கொள்ளுப்பேத்தி இன்று நுழைவுச்சீட்டோடு நிற்கிறாள். கொள்ளுப்பாட்டனுக்கு வாயில் அடைத்திருந்தது. இதைச் சொல்லாமல் கல்யானைக் கதையை மட்டும் சொல்லி அனுப்புவது அவளுடைய குடும்ப வரலாற்றையே அவளிடமிருந்து மறைப்பதாகும்.

கீழடியைப் பற்றியும் ஒரு சொல். மதுரைக்குத் தென்கிழக்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டரில், சிவகங்கை மாவட்ட எல்லைக்குள், வைகைக் கரைத் தென்னந்தோப்பின் அடியில் உறங்கிக் கிடந்த குடியிருப்பு. நடுவண் தொல்லியல் துறை 2014-இல் அகழ்வைத் தொடங்கியது. அமர்நாத் இராமகிருட்டிணன் அப்பணிக்குத் தலைமை தாங்கினார். 2018 முதல் மாநிலத் தொல்லியல் துறை தொடர்ந்தது. கிடைத்த கரிமத்துண்டு ஒன்றின் காலம் கி.மு. 580 என்று ஆய்வுக்கூடம் கணித்தது. 2023 மார்ச்சு 5-இல் அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. செங்கற் கட்டடம், உறைகிணறு, நூல் நூற்கும் தக்களி, தந்தத்தில் செய்த பகடை, பானை ஓட்டில் ஆதன் என்று கீறிய பெயர் ஆகியவை அங்கே வைக்கப்பட்டுள்ளன. மதுரைக்காஞ்சியின் கைவினைஞர் மண்ணிலிருந்து எழுந்து வந்து சாட்சி சொல்வது போலிருக்கிறது! நெஞ்சு நிமிராத தமிழன் யார்?

ஆயினும் நம்மவர்க்கே ஒரு சொல் சொல்லியாக வேண்டும். கீழடியையும் புராணமாக்கிவிடும் போக்கு தலைதூக்கியிருக்கிறது. “உலகின் மூத்த நகரம் இதுவே” என்று மேடையில் முழங்கினால் கைதட்டு கிடைக்கும். ஆனால் அது அறுபத்தைந்தாவது திருவிளையாடலாகிவிடும். கீழடியின் பெருமை பழமையின் எண்ணிக்கையில் இல்லை. பானைமேல் தன் பெயரைத் தானே கீறத் தெரிந்த மக்கள் அங்கே இருந்தனர் என்பதில் இருக்கிறது. வரும் மாணவனிடம் கி.மு. ஆண்டைச் சொல்லி வியக்கச் செய்வதைவிட, அந்த ஆண்டை எப்படிக் கண்டுபிடித்தார்கள், எந்த ஆழத்தில் எது கிடைத்தது, எந்த முடிவில் ஆய்வாளர் மாறுபடுகின்றனர் என்று சொல்லித் தருவதே பகுத்தறிவுக்குப் பொருந்தும் விருந்தோம்பல்.

மேலூர்ப் பக்கத்து அரிட்டாபட்டியில் அண்மையில் நடந்ததைப் பாருங்கள். அங்கும் தமிழ்ப் பிராமி எழுத்து உண்டு, கற்படுக்கை உண்டு, குடைவரைக் கோயில் உண்டு, 2022-இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாகவும் அறிவிக்கப்பட்டது. அந்த வட்டாரத்தையும் உள்ளடக்கிய பரப்பில் டங்சுடன் சுரங்கம் தோண்டும் உரிமை 2024-இல் ஏலம் விடப்பட்டபோது, சுற்றுவட்டார ஊர் மக்கள் உழவும் கடையும் விட்டு 2025 சனவரி 7-ஆம் நாள் மதுரைக்குப் பேரணியாக நடந்தனர். அம்மாதமே நடுவண் அரசு ஏலத்தைக் கைவிட்டது. கல்வெட்டைப் படிக்கத் தெரியாத உழவர் கல்வெட்டைக் காப்பாற்றினர்! வரலாற்றை நேரில் காண விரும்பும் மாணவர் காணவேண்டியவர் அவர்களல்லவா?

இனி, எந்த வழிகாட்டியும் திறக்காத ஏட்டுக்கு வருவோம். வேர்களைத் தேடி வந்த பிள்ளையின் உள்ளத்தில் எழும் முதல் வினா, “மதுரை எவ்வளவு பழமையானது?” என்பதாக இருக்க முடியாது. “எங்கள் முன்னோர் ஏன் இதை விட்டுப் போயினர்?” என்பதே அது. அதற்கு விடைசொல்ல மாளிகையும் மண்டபமும் போதா. மதுரைச் சமவெளியின் வறண்ட மேட்டுக் காடுகளுக்குப் போகவேண்டும்.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சுட்டெரித்த பஞ்சத்தைத் தாது வருடப் பஞ்சம் என்பர் நம் மக்கள். பருவமழை பொய்த்தது, கண்மாய்கள் வற்றின, தானிய விலை ஏறியது, வாங்கக் காசில்லாத உழைப்பாளி விழுந்து மடிந்தான். அந்நாளில் மதுரையில் குஞ்சரத்தம்மாள் என்னும் தாசிகுலப் பெண்மணி, தேடிய செல்வத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி காய்ச்சி ஊற்றி ஊரைக் காத்தாள் என்று இன்றும் சொல்வர். நாயக்க மன்னர்க்கு மாளிகை இருக்கிறது. ஆட்சியருக்கு விளக்குத்தூண் இருக்கிறது. கஞ்சி வார்த்தவளுக்கு மக்கள் நாவு மட்டுமே இருக்கிறது. மணிமேகலையின் கையில் அமுதசுரபியைத் தந்த சாத்தனார் இருந்திருந்தால் அவளையும் பாடியிருப்பார்.

சாத்தனாரை நினைத்தவுடன் இன்னொன்றும் நினைவுக்கு வருகிறது. அந்த அமுதசுரபி முதன்முதல் கிடைத்தது மதுரையிலேதான்; சிந்தாதேவி கோயிலில் படுத்திருந்த ஆபுத்திரன் கையில். ஊரார் இகழ்ந்து தள்ளிய அனாதை அவன். பிச்சையெடுத்த சோற்றைக் குருடர்க்கும் முடவர்க்கும் கொடுத்துவிட்டு மிச்சத்தை உண்டவன். பாண்டி நாட்டில் பன்னீராண்டுப் பஞ்சம் நீங்கியபின் அவனை நாடுவார் இல்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேட்டுக் கப்பலேறினான். மதுரையிலிருந்து கடல்கடந்து கீழ்த்திசைக்குப் புறப்பட்ட ஏழையின் கதை காப்பியத்திலேயே இருக்கிறது! கங்காணி அழைத்துச் சென்ற கூட்டத்துக்கு முன்னோடி அவன். ஒரு வேறுபாடு உண்டு: அவன் பிறர்க்குச் சோறிடக் கப்பலேறினான், இவர்கள் தமக்குச் சோறு தேடிக் கப்பலேறினர்.

இலங்கையின் காப்பித் தோட்டத்துக்கும் தேயிலை மலைக்கும், நாகப்பட்டினத்திலிருந்து பினாங்குக்கும், சென்னையிலிருந்து 1860 முதல் நேட்டாலுக்கும், 1903 முதல் பிசித் தீவுக்கும் போயிற்று நம் உழைப்பு. ஒப்பந்தக் கூலி முறைக்கு 1917-இல் தடை வந்தது. மலேயாவுக்கு உதவிபெற்றுச் செல்வது 1938-இல் நின்றது. பெரியாற்று நீரை மேற்கிலிருந்து திருப்பி வைகைக்குக் கொண்டுவந்த பென்னிகுவிக்கின் அணை முடிந்தது 1895-இல். பஞ்சம் முடிந்து பதினேழு ஆண்டுக்குப் பின்! அதற்குள் போனவர் போய்விட்டனர். இராமேசுவரப் பாதையில் மண்டபத்தில், இலங்கைக்குப் போகும் கூலிகளை நிறுத்தி நோய் சோதித்த முகாம் ஒன்று இருந்தது. அதே முகாம் 1980-களில் ஈழத்திலிருந்து உயிர்தப்பி ஓடிவந்தவர்க்குப் புகலிடமாயிற்று. போனவர் தங்கியதும் வந்தவர் தங்கியதும் ஒரே இடம். அதைக் காட்ட ஒரு பேருந்தும் நிற்பதை நாம் கண்டதில்லை. இராமேசுவரத் தீர்த்தத்துக்குப் போகும் அவசரத்தில் எல்லாப் பேருந்தும் அதைக் கடந்தே ஓடுகின்றன.

சான்று இல்லையா என்று கேட்கலாம். இருக்கிறது. நேட்டாலுக்குச் சென்ற கப்பல்களின் பதிவேடுகள் அழியாமல் இருக்கின்றன. ஒவ்வோர் ஆளின் பெயர், தந்தை பெயர், வயது, சாதி, உடலில் உள்ள அடையாளம், மாவட்டம், வட்டம், ஊர் என்று வரிவரியாக எழுதப்பட்டவை. ‘மதுரை மாவட்டம்’ என்று குறித்த வரிகளும் அவற்றுள் உண்டு. எழுதியவர் தமிழறியாத எழுத்தராகையால் ஊர்ப்பெயர் உருக்குலைந்து கிடக்கும். பட்டி எது, குளம் எது, குடி எது என்று பிரித்தறிய இந்த மண்ணின் காது வேண்டும். தென்னாப்பிரிக்காவிலிருந்து வரும் மாணவி ஒருத்தி அந்த வரியின் படியைத் தாளில் எழுதிப் பையில் வைத்துக்கொண்டுதான் வருவாள். கோபுரத்தை அவள் தன் ஊரிலேயே படத்தில் பார்த்துவிட்டாள். அவள் நீட்டும் தாளை வாங்கி, மேலூர் வட்டமா, திருமங்கலம் வட்டமா என்று பார்த்து, “அம்மா, இது இன்ன ஊர், இங்கிருந்து இத்தனை கல்” என்று சொல்ல, நிலப்பதிவேட்டின் பழைய ஊர்ப்பட்டியலோடு ஒருவர் அந்த வாயிலில் உட்கார்ந்திருக்கிறாரா?